மூன்றாவது குழி

பிப்ரவரி 6

டை கட்டிய மாப்பிள்ளைக்கு, மண் ஒட்டிய மாமா எழுதுவது.

நானும் உன் அக்காவும் நலம். அவளுடைய முழங்காலும் என்னுடைய ஜேசிபியும் இப்போது ஒரே மாதிரி சத்தம் போடுகின்றன. எண்ணெய் விட்டால் வண்டி அடங்கிவிடுகிறது. நீ நலமாக இருப்பாய் என்று தெரியும், நலமில்லை என்றால்தானே எங்கள் நினைவு வந்து கடிதம் போடுவாய்.

உன் சொந்த ஆபீசின் போட்டோ வந்தது. கண்ணாடிக் கதவு, உள்ளே சுழலும் நாற்காலி. உன் அக்கா அதைப் பால்காரரிடம் நான்கு தடவை காட்டிவிட்டாள். ஐந்தாவது தடவை காட்டினால் வேறு வீடு பார்த்துக்கொள்வதாக அவர் சொல்லியிருக்கிறார். வளர்த்த தம்பி ஆபீஸ் வைத்திருக்கிறான், கட்டிய புருஷன் குழி தோண்டுகிறான், இரண்டில் எதைச் சொல்லிப் பெருமைப்படுவாள், நீயே சொல்.

இங்கே சுகாதார ஆபீஸ் கதவில் காகிதம் ஒட்டிவிட்டார்கள். செப்டிக் டேங்குக்கும் கிணற்றுக்கும் இடம் பார்த்து பிளான் போட்டுத் தரும் வேலை இனி அங்கே கிடையாதாம். உன்னை மாதிரி லைசென்ஸ் வைத்திருக்கும் தனியார் பிளான் போடுவார்களாம், ஆபீஸ் முத்திரை மட்டும் குத்துமாம். எழுத்துக்கூட்டிப் படித்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான், ஆனாலும் இந்த மாதிரி காகிதம் மட்டும் எனக்குச் சீக்கிரம் வாசிக்க வந்துவிடுகிறது.

உள்ளே போய் உன் பழைய மேலதிகாரி 'நாளைக்கு' சாரைப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடம் நான் குழி தோண்ட, அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து மண்ணைக் கையில் உருட்டிப் பார்த்தவர். முதல் நாள் குழியில் தண்ணீர் ஊற்றி ஊறவிடுவார். மறுநாள் மறுபடி ஊற்றி, தண்ணீர் குச்சியில் ஒரு விரல் இறங்க எத்தனை நிமிடம் என்று பார்ப்பார். வீட்டுக்காரன் அவசரப்பட்டால், "மண்ணு இன்னும் குடிச்சு முடிக்கலை, நாளைக்கு" என்பார். அந்தப் பெயரே நின்றுவிட்டது. இப்போது முத்திரை மேசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். தூர்த்த கிணறு, தூராத கிணறு எல்லாம் கையால் வரைந்து வைத்த அவருடைய தடிப் புத்தகம் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. சாவி வேறு பிரிவில் இருக்கிறதாம்.

"குழியெல்லாம் எப்படி இருக்குது?" என்று என்னிடம் கேட்டார். பிள்ளைகளை விசாரிப்பது மாதிரி.

உன் சார்பில் நான் தண்ணீர் ஊற்றிப் பார்த்து எழுதி அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தாய். முடியும். தெரிந்த வேலைதானே. எழுத்து கோணலாக இருக்கும், எண் நேராக இருக்கும்.

இப்படிக்கு,
உன் மாமா
(டை கட்டத் தெரியாதவன்)

பிப்ரவரி 15

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன், வேலை செய்கிற பெண் பயந்துபோனாள். அக்காவின் முழங்காலுக்கு மருந்து அனுப்புகிறேன், அதை வண்டிக்கு ஊற்றிவிடாதீர்கள்.

இதோடு நாற்பது தாள் வைத்திருக்கிறேன். ஒரு மனைக்கு ஒரு தாள், ஒரு தாளில் மூன்று குழி. தண்ணீர் ஒரு விரல் இறங்க எத்தனை நிமிடம் என்று கட்டத்தில் எண் போடுங்கள். அடியில் 'வடிவமைப்பாளர் நேரில் இருந்து பார்த்தார்' என்று ஒரு வரி இருக்கும். அதை விட்டுவிடுங்கள், அங்கே நான் கையெழுத்துப் போட்டுக்கொள்வேன். சட்டப்படி நான்தான் அங்கே நிற்கவேண்டும். ஆனால் ஒன்பது ஊர் வேலை கையில் இருக்கிறது, எத்தனை இடத்தில் நிற்பேன்? என் கண்ணைவிட உங்கள் கை மேல். இது குடும்பத்துக்குள் இருக்கிற நம்பிக்கை.

பழைய கிணறுகளின் பதிவைப் பார்க்க மனுப் போடவேண்டும், மூன்று வாரம் ஆகுமாம். வாடிக்கையாளர்கள் காத்திருக்க மாட்டார்கள். கண்ணுக்குத் தெரிகிற கிணறுகளை மட்டும் குறித்து அனுப்புங்கள், போதும்.

தாள்களை வாரம் ஒருமுறை காலைப் பஸ்ஸில் கவர் போட்டுக் கொடுத்துவிடுங்கள். போனில் எண் சொன்னால் தப்பாகிவிடும். கவருக்குள் உங்கள் கடிதமும் இருக்கவேண்டும்.

உங்கள் அன்பு மச்சினன்

மார்ச் 3

ஒன்பது ஊர் ராஜாவுக்கு,

இதோடு பதினொரு தாள். பத்து முழுசு, ஒன்று பாதி.

பாதித் தாள் ஆறாம் எண் மனை. நம் வீட்டுக்கு மேலே, மேட்டில், மரமெல்லாம் வெட்டி இரண்டடி மண் கொட்டிச் சமன் செய்து, எண் போட்ட கல் நட்டு ஒரு புதுத் தெரு போட்டிருக்கிறார்கள். எட்டு மனை, எட்டு வீடு. ஏழு வீட்டில் ஆள் வந்தாயிற்று, வீட்டுக்கு ஒரு கிணறும் போட்டாயிற்று. ஆறாம் எண் மட்டும் காத்திருக்கிறது. வாங்கியது ஒரு தையல்காரி. அவள் புருஷன் பஸ் ஓட்டுகிறான், இந்தக் கவரை உனக்குக் கொண்டு வருபவன் அவன்தான். கையில் ஆறு மாதக் குழந்தை. கூரை போட்டாயிற்று, கதவு மாட்டியாயிற்று, கக்கூசுக்கு பிளான் இல்லாததால் குடிவர முடியவில்லை.

இரண்டு குழி போட்டேன். களிமண். முதல் குழியில் ஊற்றிய தண்ணீர் மறுநாளும் என் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. அழகான முகம்தான், ஆனாலும் அது இறங்கியிருக்க வேண்டும். இரண்டாவதிலும் அதே கதை. தையல்காரி வரப்பில் நின்று, "அண்ணே, தேறுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பரீட்சை எழுதிய பிள்ளையின் தாய் மாதிரி. தேறவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்ன செய்ய?

உன் அக்கா மருந்து தடவுகிறாள். வீடு முழுக்க நாற்றம். நீ அனுப்பியது என்பதால் மணக்கிறது என்கிறாள்.

உன் மாமா

மார்ச் 6

அன்புள்ள மாமாவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். ஆறாம் எண்ணுக்கு முத்திரை வாங்க இந்த மாதம் இருபதாம் தேதிதான் கடைசி. இரண்டு குழி சரிவரவில்லை என்றால் மனையில் வேறு இடம் பாருங்கள். குடிக்கிற இடம் எங்காவது இருக்கும். தாள் பாதியாக மட்டும் வரக்கூடாது.

மச்சினன்

மார்ச் 12

மாப்பிள்ளை, கண்டுபிடித்துவிட்டேன்.

மனையின் பின்மூலையில் மூன்றாவது குழி. தண்ணீர் ஊற்றிவிட்டு பீடி பற்றவைக்கக் குனிந்தேன், நிமிர்ந்தபோது குழி காலி. மறுபடி ஊற்றினேன். கல்யாணப் பந்தியில் உன் சித்தப்பா பாயசம் குடித்த மாதிரி குடிக்கிறது. குச்சி வைக்கவே நேரமில்லை. ஒரு விரல் இறங்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இருந்தாலும் ஒன்று என்று போட்டிருக்கிறேன்.

நாளைக்கு சார் இருந்தால், "இவ்வளவு தாகம் மண்ணுக்கு ஆகாது, இன்னொரு குழி போடு" என்றிருப்பார். அவர் எப்போதுமே அப்படித்தான், குடிக்காவிட்டாலும் குற்றம், குடித்தாலும் குற்றம். தையல்காரி கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்குச் சட்டை தைத்துத் தருவதாகச் சொல்லி அளவு எடுத்தாள். வயிற்றுச் சுற்றளவை எழுதும்போது மட்டும் இரண்டு தடவை நாடாவைப் பார்த்தாள்.

உன் மாமா

மார்ச் 16

அன்புள்ள மாமாவுக்கு,

நல்ல வேலை செய்தீர்கள். ஒரு நிமிடம் என்று போனால் ஆபீசில் கேள்வி கேட்பார்கள். ரொம்ப வேகமாக இறங்கினாலும் விதிப்படி தள்ளிவிடுவார்கள். அதனால் உங்கள் ஒன்றுக்குப் பக்கத்தில் நானே ஒரு எட்டுப் போட்டுப் பதினெட்டு ஆக்கிவிட்டேன். கழிவுநீரை மண்ணுக்குள் விடும் குழாய்களை அந்தப் பின்மூலையிலேயே போட்டு பிளான் வரைந்தாயிற்று, முத்திரையும் விழுந்துவிட்டது. நீங்கள் அடுத்த வாரமே தோண்டலாம்.

சட்டை தைத்து வந்ததும் போட்டோ அனுப்புங்கள்.

மச்சினன்

ஜூன் 21

பெரிய மனிதருக்கு,

மூன்று மாதமாகத் தாள் மட்டும் அனுப்பினேன், கடிதம் வைக்கவில்லை. உன் அக்கா திட்டினாள். நீயும்தான் எழுதவில்லை, உன்னைத் திட்டுவாளா? மாட்டாள்.

தையல்காரி குடிவந்து இரண்டரை மாதம் ஆகிறது. உன் பிளானுக்கு இந்தத் தெருவில் நல்ல பெயர். இந்த மழையில் மற்ற வீட்டுக் கக்கூசெல்லாம் குடகுடவென்று தொண்டையைச் செருமுகின்றன. ஆறாம் எண் மட்டும் வாயே திறப்பதில்லை. எவ்வளவு ஊற்றினாலும் போய்விடுகிறது. மேலே ஈரம் இல்லை, புல்கூடப் பச்சையாக இல்லை. போகிற இடம் தெரியவில்லை. "எங்க வீட்டுக் குழி நிறையவே மாட்டேங்குது, அண்ணே" என்று தையல்காரி எல்லோரிடமும் சொல்கிறாள். நானும் என் சட்டையைத் தடவிவிட்டுக்கொண்டேன்.

வேறு செய்தி என்றால், ஐந்தாம் எண் கிணற்றில் மழைக்குப் பிறகு நுரை மாதிரி ஏதோ மிதக்கிறதாம். அந்த வீட்டுக்காரர் தண்ணீரை முகர்ந்து பார்க்கச் சொன்னார். பீடி குடிக்கிற மூக்குக்கு என்ன தெரியும். சுகாதார நிலையத்து நர்சம்மா இரண்டு வாரமாக இந்தத் தெருப்பக்கம் அடிக்கடி வருகிறாள். ஏதாவது வரன் பார்க்க வருகிறாயா என்று கேட்டேன். சிரிக்கவில்லை. வழக்கமாகச் சிரிப்பவள்.

உன் மாமா

ஜூலை 9

மாப்பிள்ளைக்கு,

இந்தக் கடிதத்தைத் தனியாக உட்கார்ந்து படி.

நேற்று மத்தியானம் மேட்டுத் தெருவுக்கு ஒரு கார் வந்தது. உள்ளிருந்து கைத்தடியோடு ஒரு பெரியவர் இறங்கினார். முகம் பிடிபட்டது. அந்த நிலம் முழுக்கத் தோப்பாக இருந்த காலத்தில் அவர்தான் சொந்தக்காரர். விற்ற நிலம் என்ன ஆயிற்று என்று பார்க்க மகன் அழைத்து வந்திருக்கிறான். என்னைக் கண்டதும் தோளில் தட்டி, "என் கிணறு எங்கப்பா?" என்றார். எந்தக் கிணறு என்று கேட்டேன். "நீ மூடினதுதான்" என்றார்.

மாப்பிள்ளை, எனக்கு அப்போதுகூட உறைக்கவில்லை. பழைய கல் தொட்டி ஒன்று மூன்றாம் எண் வீட்டில் துணி துவைக்கக் கிடக்கிறது. பெரியவர் அதன் பக்கத்தில் போய் நின்று, அங்கிருந்து எண்ணிக்கொண்டே நடந்தார். வேலி குறுக்கே வந்தது, சுற்றிப்போய் மறுபடி எண்ணினார். நாற்பத்தெட்டாவது எட்டில் தையல்காரி வீட்டுப் பின்மூலையில் நின்றார். கொடியில் குழந்தைத் துணி காய்ந்துகொண்டிருந்தது. கைத்தடியால் தரையைத் தட்டினார்.

"இங்கதான். கோடையிலகூட வத்தாது. இந்த மேடு முழுக்க, கீழ உன் வீடு வரைக்கும் இதே ஊத்துதான்."

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் நான்தான் தூர்த்தேன். இடித்த சந்தைக் கட்டடத்தின் கல்லும் செங்கல்லும், நாற்பது லோடு. அப்போது சுற்றிலும் மரம். இப்போது மரமும் இல்லை, மேடுபள்ளமும் இல்லை, மேலே இரண்டடி புது மண். எந்த இடத்தில் நிற்கிறேன் என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. என் கையால் தூர்த்த கிணற்றின் தலையில் உட்கார்ந்து நானே குச்சி வைத்து அளந்திருக்கிறேன். மண் குடிக்கவில்லை. கிணறு குடித்தது. மூன்று மாதமாக அந்த வீட்டுக் கழிவெல்லாம் கல் இடுக்கு வழியாக நேரே ஊற்றுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. எட்டு வீடும் அதில்தான் இறைக்கிறது. ஒன்பதாவது நம் வீடு.

நான் தையல்காரியிடம், மழைக்காலம், தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். நர்சம்மா சொன்னாள் என்று பொய் சொன்னேன். பெரியவர் காரில் ஏறிப் போய்விட்டார்.

என்ன செய்யலாம், சீக்கிரம் எழுது.

மாமா

ஜூலை 14

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்ததும் கிழித்துவிட்டேன். நீங்களும் இதைப் படித்ததும் கிழித்துவிடுங்கள். இனி இந்த விஷயத்தை எதிலும் எழுதாதீர்கள்.

முதலில் பதற்றப்படாதீர்கள். பெரியவருக்கு எண்பது வயது இருக்கும். காலடி எண்ணி இடம் காட்டியதெல்லாம் ஆதாரமா? நுரை சோப்பு நுரையாக இருக்கலாம். மழை நின்றதும் எல்லாம் கழுவிப் போய்விடும். ஒரு ஆளை அனுப்பி எட்டுக் கிணற்றிலும் குளோரின் போடச் சொல்கிறேன், இலவசச் சேவை என்று சொல்லிப் போடுவான்.

மாமா, நீங்கள் அனுப்பிய முப்பத்தெட்டுத் தாளிலும் நேரில் இருந்தேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மற்ற ஊர்களில் வேறு ஆட்களை வைத்து இதே மாதிரி இருநூறு தாளுக்கு மேல். ஒன்றைத் தொட்டால் எல்லாம் சரியும். ஆபீசில் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். என் லைசென்ஸ் போனால் ஜெயில்வரை போகலாம் என்கிறார் வக்கீல். நான் கெட்டது நினைத்துச் செய்யவில்லை, உங்களுக்குத் தெரியும். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்.

அக்காவிடம் சொல்லவேண்டாம். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

மச்சினன்

ஜூலை 20

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்தால் உன் அக்காவுக்கு நான் உரக்க வாசித்துக் காட்டுவது வழக்கம். இந்தத் தடவையும் முன்னால் வந்து உட்கார்ந்தாள். குளோரின் ஆள் வருவான் என்பதை மட்டும் வாசித்தேன். அவ்வளவுதானா, இரண்டு பக்கம் இருக்கிறதே என்றாள். உன் எழுத்து பெரிது என்றேன். என் பெண்டாட்டியிடம் நான் ஆயிரம் பொய் சொல்லியிருக்கிறேன், எல்லாம் சிரிக்க வைக்கச் சொன்னது. இது அப்படி இல்லை.

உன் ஆள் வந்தான். தொப்பி, சீருடை, கையில் பொடி டப்பா. எட்டுக் கிணற்றிலும் தூவினான், எல்லோரும் நன்றி சொன்னார்கள். மூன்று நாள் மருந்து வாடை அடித்தது. நான்காம் நாள் பழைய வாடை வந்துவிட்டது. இப்போது என் மூக்குக்கே தெரிகிறது.

ஐந்தாம் எண்ணில் மூன்று பேருக்கு வயிற்றுப்போக்கு. நான்காம் எண்ணில் இரண்டு. ஏழில் ஒரு கிழவர் எழுந்திருக்கவில்லை. தையல்காரியின் குழந்தையை நேற்றுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். காலில் ஊசி குத்திப் பாட்டில் ஏற்றுகிறார்களாம், கையில் நரம்பு கிடைக்கவில்லையாம். எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, எங்கள் கிணறு புதுசு, லைசென்ஸ் வாங்கியவர் பிளான் போட்டது என்று அவள் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். பஸ் ஓட்டப் போகாமல் அவள் புருஷன் ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறான். அதனால் இந்தக் கவரை வேறு பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன்.

காய்ச்சிக் குடி என்று சொன்னேனே, காய்ச்சினாள். குளிப்பாட்டிய தண்ணீரைக் காய்ச்சவில்லை. நான் முழுதாகச் சொல்லியிருந்தால் அந்தத் தண்ணீரைத் தொட்டிருக்கவே மாட்டாள்.

திங்கட்கிழமைவரை காத்திருக்கிறேன். நீ வா. இரண்டு பேரும் சேர்ந்து போய் நாளைக்கு சாரிடம் சொல்லலாம். நீ முதலில் சொன்னால் உனக்கு நல்லது, நான் உன் பக்கத்தில் நிற்பேன். தப்பான இடத்தில் குழி போட்டது நான், அதை எவ்வளவு உரக்க வேண்டுமானாலும் சொல்கிறேன். நீ வராவிட்டால் செவ்வாய்க்கிழமை நான் தனியாகப் போவேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது, மாப்பிள்ளை. இதை யாரிடமும் சொன்னதில்லை.

உன் மாமா

ஜூலை 30

மாப்பிள்ளைக்கு,

திங்கட்கிழமை மூன்று பஸ்ஸுக்கும் போய் நின்றேன். பதில் கடிதமும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் உன் அக்காவை உட்கார வைத்து, உன் கடிதத்தை விட்ட வரியெல்லாம் சேர்த்து வாசித்தேன். அவள் தையல்காரி தைத்த சட்டையை எடுத்துக் கொடுத்து, போய்விட்டு வாருங்கள் என்றாள்.

நாளைக்கு சார் முத்திரையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். குழி நான் போட்டது, கிணறு நான் தூர்த்தது, இடம் மறந்தது என் தப்பு என்றேன். எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பிளான் போட்டவர் அங்க இருந்தாரா?"

எனக்குச் சட்டென்று ஒரு வேடிக்கைப் பேச்சு வரும், உனக்குத் தெரியும். அன்றைக்கு வரவில்லை. இல்லை என்று சொன்னேன். அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அந்தத் தாளில் அவர்தான் முத்திரை குத்தியிருக்கிறார். பூட்டை உடைத்துத் தடிப் புத்தகத்தை எடுத்தார். பன்னிரண்டாம் பக்கத்தில் அந்தக் கிணறு இருந்தது. வட்டம் போட்டு, குறுக்கே கோடு போட்டு, தேதி போட்டு.

அன்றைக்கே ஆறாம் எண்ணின் குழாயை அடைத்துவிட்டோம். தெருவில் வீடு வீடாகப் போய், தண்ணீரைத் தொடாதீர்கள் என்று நானே சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். ஐந்தாம் எண்காரர் என் முகத்தில் துப்பினார். துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். இனி அந்தச் சட்டையை நான் போடுவதாக இல்லை.

ஊற்று எதுவரை போகிறது என்று பார்க்க, சார் ஒரு பச்சைச் சாயப்பொடியைக் கரைத்து அந்த மூலைக் குழாயில் ஊற்றினார். மறுநாளே ஐந்தாம் எண் கிணறு பச்சை. அதற்கடுத்த நாள் நான்கும் ஏழும். நம் கிணற்றில் இன்னும் ஒன்றும் வரவில்லை. தூரம் அதிகம், வராமலும் போகலாம் என்கிறார். உன் அக்கா வாளியைத் தூக்கும்போதெல்லாம் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறாள். லாரித் தண்ணீர்தான் எல்லோருக்கும்.

குழந்தை இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது.

இப்போதும் நேரம் போய்விடவில்லை. உன் இருநூறு தாளில் எந்த எந்த ஊர், எந்த மனை என்று எழுதிச் சாரிடம் கொடு. அங்கேயும் யாராவது என்னை மாதிரி ஒருவன், தண்ணீர் போன இடம் தெரியாமல் சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பான்.

மாமா

ஆகஸ்ட் 4

பெறுநர்: மாவட்டச் சுகாதார அலுவலர்
நகல்: குழி தோண்டும் ஒப்பந்தக்காரர்

ஐயா,

ஆறாம் எண் மனை தொடர்பாகத் தங்கள் அறிவிப்பு கிடைத்தது. அதற்கு எங்கள் நிறுவனத்தின் விளக்கம் பின்வருமாறு.

மண் சோதனை நடந்த நாளில் நான் நேரில் இருந்து மூன்று குழிகளையும் பார்வையிட்டேன். அப்போது மூன்றாவது குழி மனையின் முன்பகுதியில் இருந்தது. நான் சென்ற பிறகு மேற்படி நபர் தன் வசதிக்காகக் குழியின் இடத்தை மாற்றி, பொய்யான விவரத்தை எங்களுக்கு அனுப்பியுள்ளார் என்று இப்போது தெரிய வருகிறது. அவ்விடத்தில் பழைய கிணறு இருந்தது மேற்படி நபர் ஒருவருக்கே தெரியும். மேற்படி நபர் போதிய கல்வி அறிவு இல்லாதவர் என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டு வருகிறேன்.

இன்று முதல் எங்கள் நிறுவனத்துக்கும் மேற்படி நபருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

தங்கள் உண்மையுள்ள,
நிர்வாக இயக்குநர்

ஆகஸ்ட் 9

நிர்வாக இயக்குநர் அவர்களுக்கு,

நகல் வந்து சேர்ந்தது. வக்கீல் எழுதியது போலிருக்கிறது, உனக்கு இவ்வளவு நல்ல தமிழ் வராது. உன் அக்காவுக்கு ஒரு வரி விடாமல் வாசித்தேன். முடிந்ததும், "அந்த மேற்படி நபர் யாரு?" என்று கேட்டாள். நான்தான் என்றேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

போதிய கல்வி இல்லாதவன் என்று எழுதியதில் எனக்கு வருத்தம் இல்லை. உண்மைதானே. ஒன்றுக்குப் பக்கத்தில் எட்டுப் போடுகிற பாடம் வருவதற்குள் நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன்.

உன் கடிதங்களை நான் கிழிக்கவில்லை. எதையும் கிழிக்கிற வழக்கம் இந்த வீட்டில் இல்லை, மின்சார ரசீதுகூடப் பதினைந்து வருடத்தது இருக்கிறது. எல்லாம் பீரோவில் உன் பள்ளிக்கூடச் சான்றிதழ்களோடு இருந்தன. அவற்றைச் சாரிடம் கொடுக்கலாமா கூடாதா என்று நான்கு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வருவது வரட்டும், பிள்ளை பிழைத்துப் போகட்டும் என்றுகூட நினைத்தேன். உன் அக்காவிடம் கேட்கத் துணிவு இல்லை. நீ அவளுக்குத் தம்பி இல்லை, முதல் பிள்ளை.

இன்றைக்குக் காலையில் அவள் வாளியோடு உள்ளே வந்தாள். என் முன்னால் வைத்தாள். தண்ணீர் பச்சையாக இருந்தது. இளம் பச்சை. பார்ப்பதற்கு அழகாக இருந்தது என்பதுதான் கொடுமை. நான்கு மாதமாக அதைத்தான் குடித்தோம். ஏப்ரலில் அவளுக்கு வந்த காய்ச்சல், மருந்துக்கு அடங்காத அந்த வயிற்று வலி, வயது ஆகிறது என்று நான் கேலி செய்தது எல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தது.

அவள் எழுந்து போய் பீரோவைத் திறந்தாள். உன் கடிதங்களை மட்டும் தனியாகப் பிரித்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் உன் கையெழுத்து தெரியும். நான் கொண்டு போகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்த முழங்காலோடு தானே நடந்துபோய்ப் பஸ் ஏறினாள். மத்தியானம் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். கடிதங்களில் மற்ற ஊர்களின் பெயர் இருக்கிறதா என்று சார் தேடிக்கொண்டிருந்தாராம், ஆட்களை அனுப்புகிறாராம்.

தையல்காரியின் குழந்தை கண் விழித்துப் பால் குடித்ததாம். ஏழாம் எண் கிழவர் போய்விட்டார்.

நீ இங்கே வருவாயா மாட்டாயா தெரியாது. வந்தால் என்ன சொல்லட்டும் என்று அவளிடம் கேட்டேன்.

"வரட்டும். வர வேண்டாம்னு சொல்ல மாட்டேன். குடிக்கத் தண்ணி மட்டும் அவனே கொண்டு வரட்டும். இந்த வீட்ல குடுக்கறதுக்குத் தண்ணி இல்லை."

சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அக்கா வீட்டுக்காரன்